விருந்தாளிக்காகச் சாப்பிட்ட மனுஷன்

போன வாரம், டயட்டீஷியன் வேலைக்குப் படிக்கற உங்கள்ல ஒரு பொண்ணு என்னை வாசல்ல மடக்கிக் கேட்டா: "அக்கா, இப்ப எங்களுக்கு கல்ச்சரல் சென்சிட்டிவிட்டி எண்டு வகுப்பெல்லாம் எடுக்கினம். உங்கட காலத்தில உது ஒண்டும் இல்லைத்தானே? அப்ப நீங்கள் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" யாழ்ப்பாணத்துப் பொண்ணு. நல்ல கெட்டிக்காரி. ஆனா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பஸ் வந்துடுச்சுன்னு ஓடிட்டா. அவளுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்றேன்.

சமாளிச்சோம்னு யாரும்மா சொன்னது? இருட்டுல சுவரைத் தடவிக்கிட்டு நடந்தோம். சில நாள் கதவு கிடைச்சுது, சில நாள் மூக்குதான் உடைஞ்சுது. மூக்கு உடைஞ்ச கதையை யாரும் வகுப்புல சொல்லித் தர மாட்டாங்க. அதனால நான் சொல்றேன்.

நான் மெட்ராஸ்ல மனையியல் படிச்சவ. அறுபதுகளோட கடைசியில வீட்டுக்காரருக்கு இங்க யூனிவர்சிட்டியில வேலை கிடைச்சுது, அவர் பின்னாடியே மொன்றியல் வந்தேன். திரும்பவும் படிச்சு, பிரெஞ்சு கத்துக்கிட்டு, ஒரு ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா நுழைஞ்சேன். ஆஸ்பத்திரி பேர் எதுக்கு, விடுங்க. சிறுநீரகப் பிரிவு என் தலையில விழுந்துச்சு. டயாலிசிஸ் மெஷின் எண்ணி எடுக்கற அளவுல இருந்த காலம். மாத்து சிறுநீரகம் கிடைக்கறதுன்னா குதிரைக் கொம்பு.

எழுபதுகளோட நடுவுல, சிலி நாட்டுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்புறம், அங்கேருந்து ஜனங்க அகதியா இங்க வர ஆரம்பிச்சாங்க. ராமோன் அதுல ஒருத்தர். ஊர்ல பள்ளிக்கூட வாத்தியார். பிடிச்சு உள்ள போட்டு, அடிச்சு, எப்படியோ வெளில விட்டிருக்காங்க. மனைவி எலேனாவோட வந்து சேர்ந்து, நம்ம துறைமுகத்துச் சரக்குக் கிடங்குல மூட்டை தூக்கிட்டு இருந்தார். ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சுன்னு தெரிஞ்சப்ப வயசு நாப்பதுகூட ஆகல. வாங்கின அடியாலயா, முன்னாடியே உடம்புல இருந்த கோளாறான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியல. அவரைக் கேட்டா, "ரெண்டும் கூட்டுச் சேர்ந்து பண்ணியிருக்கும், செனோரா"ன்னு சிரிப்பார். செனோரான்னா ஸ்பானிஷ்ல அம்மான்னு அர்த்தம்.

சிறுநீரகம் நின்னு போனவங்களுக்குப் பொட்டாசியம்தான் எமன்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். உருளைக்கிழங்கு, தக்காளி, பீன்ஸ்னு சாதாரண மனுஷன் உடம்புக்கு நல்லதுன்னு சாப்பிடறதுல பாதி அவங்களுக்கு ஆகாது. ரத்தத்துல ஏறிக்கிட்டே போய் ஒரு நாள் இதயத்தை நிறுத்திடும். ராமோன் வாரத்துல மூணு நாள் மெஷினுக்கு வருவார். வெள்ளிக்கிழமை போனா திங்கக்கிழமைதான் அடுத்தது. அந்த நடுவுல வர்ற சனி ஞாயிறுதான் ஆபத்தான நேரம்.

மெஷின்ல இருக்கற நேரத்துல அவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு. எங்க தலைமைச் சமையல்காரர் தங்கமான மனுஷன். "ஸ்பானிஷ் பேசறவரா? கவலையை விடுங்க"ன்னு மக்காச்சோள ரொட்டியும் காரசாரமா ஒரு குழம்பும் பண்ணி அனுப்பினார். ராமோன் வாழ்நாள்ல அதைத் தொட்டதில்ல. அவங்க பக்கத்துல கோதுமை ரொட்டி, டீ, பீன்ஸ், அவ்வளவுதான், காரமே ஆகாது. தட்டு போன மாதிரியே திரும்பி வந்துச்சு. "சாப்பிட மறுக்கிறார்"னு ஒரு நர்ஸ் குறிச்சு வெச்சுட்டா. இதே சமையல்காரர்தான் என் பிறந்தநாளுக்கு ஐஸ்கிரீம் மேல கறிப்பொடி தூவிக் கொடுத்தவர். இந்தியாக்காரிக்குப் பிடிக்கும்னு ஆசையா செஞ்சது. நானும் தின்னு தொலைச்சேன், என்ன பண்றது.

அந்தக் குளிர்காலத்துல ஒருநாள் எங்க பெரிய டாக்டர் என்னை அவர் ரூமுக்குக் கூப்பிட்டார். அப்பல்லாம் டாக்டருங்க ரூம்லயே சிகரெட் பிடிப்பாங்க. பத்த வெச்சதை ஒரு இழுப்பு இழுக்காம சாம்பல் தட்டுல வெச்சுட்டு உக்காந்திருந்தார்.

"மாத்து சிறுநீரகத்துக்கு யார் யார் பேரை வரிசையில ஏத்தறதுன்னு கூடிப் பேசப் போறோம்"னார். "ராமோன் பேரைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா திங்கக்கிழமை திங்கக்கிழமை அவன் ரத்தத்தைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. நாக்கைக் கட்ட முடியாதவனுக்கு நான் எப்படி இன்னொருத்தர் உறுப்பை எடுத்து வெக்கறது? அவன் நம்மளை ஏமாத்தறானா, இல்ல அவனால முடியலையா? எனக்கு அதைத் தெரிஞ்சு சொல்லுங்க."

வரிசையில பேர் ஏறினா பிழைக்கறதுக்கு ஒரு வழி. ஏறலைன்னா மெஷினோட வாழ்ந்து, ஏதோ ஒரு திங்கக்கிழமை போய்ச் சேரணும். அதை என் வாய்வார்த்தையில கொண்டு வந்து நிறுத்திட்டார் மனுஷன்.

நான் எலேனாவைப் பிடிச்சேன். தையல் ஃபேக்டரியில வேலை பார்த்தவ. என்னைவிடச் சின்னவ, என்னைவிட நல்லா பிரெஞ்சு பேசுவா. "வீட்ல என்னதான் நடக்குது, எலேனா?"ன்னு நேராவே கேட்டேன். அவ மறைக்கல. டோர்வல் ஏர்போர்ட்ல சிலிக்காரங்க யார் வந்து இறங்கினாலும் கையில இருக்கற ஒரே அட்ரஸ் ராமோன் வீட்டு அட்ரஸ்தானாம். முக்கியமா சனி ஞாயிறு. வேலை கிடைச்சு ரூம் கிடைக்கற வரைக்கும் அங்கதான் படுக்கை, அங்கதான் சாப்பாடு. ஒரு பெரிய பானையில பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுக் கொதிக்க வெச்சா அத்தனை பேருக்கும் ஆகும். "நான் அவருக்குன்னு தனியா நீங்க சொன்ன மாதிரியே சமைக்கறேன், செனோரா. அது அடுப்புலயே கிடக்கும். அவர் எல்லாரோடயும் உக்காந்து பானையிலேருந்துதான் சாப்பிடறார்"னா.

விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நம்ம ஊர்ல சொல்வோம். அந்த வீட்ல ரெண்டுமே முடியாம ஓடிட்டு இருந்துச்சு.

எனக்கு உடனே மூளை பளிச்சுன்னு எரிஞ்சுது. நம்ம வீடுகள்ல எப்படி? வந்தவங்களை உக்கார வெச்சு, நின்னு பரிமாறி, "இன்னும் கொஞ்சம், எனக்காக"ன்னு கெஞ்சி, அவங்க ஏப்பம் விட்டுக் கை கழுவினப்புறம்தான் வீட்டுக்காரங்க இலை முன்னாடி உக்காருவாங்க. கடைசிப் பந்தி நமக்கு. அதுதானே மரியாதை? "ரொம்ப சுலபம், எலேனா. முதல்ல வந்தவங்க எல்லாரும் சாப்பிடட்டும். ராமோன் நின்னு பரிமாறட்டும். அவங்க எழுந்தப்புறம் அவருக்குன்னு சமைச்சதை நிம்மதியா அவர் சாப்பிடட்டும்"னேன்.

"பரிமாறறதா?"ன்னா.

"ஆமா, அதுல என்ன?"

என்னை ஒரு மாதிரி பார்த்தா. அப்புறம் "சரி, செனோரா"ன்னு போயிட்டா. பிள்ளைங்களா, இதை மட்டும் குறிச்சுக்குங்க. நோயாளி வீட்டுக்காரங்க மறுபேச்சு இல்லாம "சரி"ன்னா அன்னைக்குத்தான் நாம பயப்படணும். நீங்களும் இப்படி ஓம் ஓம்னு தலையாட்டினா உங்களைப் பார்த்தும் எனக்குப் பயம் வரும்.

அடுத்த திங்கக்கிழமை ராமோன் வந்து மெஷின்ல படுத்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டார். எலேனாதான் நடந்ததைச் சொன்னா. அவர் கரண்டியை வெச்சுக்கிட்டு நின்னாராம். மேசையைச் சுத்தி உக்காந்திருந்தவங்க தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாங்களாம். அன்னைக்குத்தான் கைக்குழந்தையோட வந்து இறங்கின ஒரு புருஷன் பொஞ்சாதி. அந்த ஆள் மெதுவா எழுந்து, "நாங்க வந்தது உங்களுக்குப் பாரமா இருக்கு போல. நாங்க பிளேன்லயே சாப்பிட்டோம், வேற இடம் பார்த்துக்கறோம்"னு பையைத் தூக்கிட்டானாம். வெளில பனி கொட்டுது. ராமோன் கரண்டியை வீசிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, பானையிலேருந்து தன் தட்டு வழிய எடுத்துப் போட்டுக்கிட்டு வாய்ல வெச்சாராம். அப்புறம்தான் அத்தனை பேரும் சாப்பிட்டிருக்காங்க. அன்னைக்கு ரத்தம் எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். மெஷின் காப்பாத்துச்சு, நான் இல்ல.

எனக்கு ஒண்ணும் புரியல, கோவமாவும் இருந்துச்சு. பதினாறு வயசுப் பையனா அவர், வீராப்பு காட்ட? அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நானே கிளம்பிப் போனேன். வில்லரேங்கற பேட்டையில மாடி வீடு. தெருவிலேருந்து நேரா மேல ஏறற இரும்புப் படி, பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஏறினேன். உள்ள ஒரு பழைய கதவைக் கட்டை மேல போட்டு மேசையா ஆக்கியிருந்தாங்க. நான் சைவம்னு தெரிஞ்சு எலேனா பானையில கறி போடல. என்னையும் உக்கார வெச்சாங்க.

எல்லார் முன்னாடியும் தட்டு வந்துச்சு. ஒருத்தர் கை நகரல. பசின்னா அப்படி ஒரு பசி, முகத்துலயே தெரியுது, ஆனா கை நகரல. ராமோன் உக்காந்து ஒரு வாய் எடுத்தார். மளமளன்னு எல்லாரும் ஆரம்பிச்சாங்க. நானும் சாப்பிட்டேன். ருசியா இருந்துச்சு, அந்தப் பாழாப் போன பீன்ஸ்.

சாப்பிட்டப்புறம் அவரை சமையலறைப் பக்கம் தள்ளிட்டுப் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாச் சொன்னார். "எங்க வீடுகள்ல வீட்டுக்காரன்தான் முதல் வாய் வெக்கணும், செனோரா. நான் நின்னுக்கிட்டு அவங்க சாப்பிடறதைப் பார்த்தா, அவங்க தர்மச் சோறு சாப்பிட வந்தவங்க. நான் உக்காந்து அதையே சாப்பிட்டா, அவங்க என் சிநேகிதங்க. எனக்கு மட்டும் தனித் தட்டு வந்தா, நான் நோயாளின்னு தெரிஞ்சு நாளைக்கே கிளம்பிடுவாங்க. இவங்கெல்லாம் ஏற்கெனவே ஜெயில்ல தட்டு ஏந்தி நின்னவங்க. என் வீட்லயும் நிக்கணுமா?"

"அப்ப நீங்க செத்துப் போனா?"ன்னு கேட்டுட்டேன். அப்படிக் கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன்.

"அப்ப என் நாற்காலியில எலேனா உக்காருவா"ன்னார்.

நம்ம ஊர்ல வீட்டுக்காரன் கடைசியா சாப்பிட்டா மரியாதை. அவங்க ஊர்ல முதல்ல சாப்பிட்டா மரியாதை. ரெண்டுமே விருந்தோம்பல்தான். பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரி தெரியற வழக்கத்துலதான் கால் தடுக்கும். வெள்ளைக்கார நர்ஸா இருந்தா "எனக்குத் தெரியாது, சொல்லுங்க"ன்னு கேட்டிருப்பா. நமக்குத்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு.

இப்ப டாக்டருக்குப் பதில் சொல்லணும். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, எதுக்கு மறைக்கணும். "முடியலை, டாக்டர், பாவம், தெரியாம பண்றார்"னு சொன்னா ஒருவேளை பேர் ஏறிடும். ஆனா அவர் தெரியாம பண்ணல. "ஏமாத்தறார்"னு சொன்னா அந்த மனுஷன் கதை முடிஞ்சுது. அதுவும் பொய். நோயாளி மேல பிரியம் வந்துட்டா பொய் ரொம்ப சுலபமா நாக்குல வந்து உக்காரும். உங்களுக்கும் வரும், பாருங்க. ஆனா அந்த வரிசையில பின்னாடி நிக்கறவங்க முகம் எனக்குத் தெரியும். தினம் அவங்களுக்கும் நான்தான் சாப்பாடு சொல்லிக் கொடுத்தேன்.

நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். டாக்டர் கேட்டுட்டு, "அப்ப தெரிஞ்சேதான் மீறறான்"னார்.

"ஆமா, டாக்டர்."

"இதைக் கூட்டத்துல நான் எப்படிச் சொல்றது?"

"இப்ப சொல்லாதீங்க. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்க. அவர் தட்டை மாத்த முடியாது. மேசையை மாத்தப் பார்க்கறேன்."

கையில இருந்த சிகரெட்டைச் சாம்பல் தட்டுல நசுக்கினார். "அடுத்த கூட்டம் வரைக்கும். அதுக்கு மேல எங்கிட்ட வந்து நிக்காதீங்க. மத்தவங்களும் மனுஷங்கதான்"னார். நியாயமான ஆளு. அவர் மேல எனக்கு அன்னைக்கும் வருத்தமில்ல, இன்னைக்கும் இல்ல.

நானும் எலேனாவும் உக்காந்து யோசிச்சோம். ராமோன் என்ன சாப்பிடலாமோ அதையே வீடு முழுக்கச் சாப்பிட்டா? தனித் தட்டுங்கற பேச்சே இல்லையே! பொட்டாசியம் கரைஞ்சு போறதுக்கு உருளைக்கிழங்கைச் சின்னதா நறுக்கி, ஊற வெச்சு, நிறைய தண்ணியில வேக வெச்சு, சோறு வடிக்கற மாதிரி வடிச்சுட்டு, திரும்பவும் புதுத் தண்ணியில வேக வெக்கணும். முட்டைக்கோஸும் அப்படியே. வெள்ளை ரொட்டி, முட்டை, வெங்காயம் வதக்கினது. உப்பு பேருக்கு. பீன்ஸ் பானையை எலேனா பரண் மேல ஏத்திட்டா. ராமோன் முதல் வாய் எடுப்பார், எல்லாரும் அதையே சாப்பிடுவாங்க. புதுசா வந்தவங்க, கனடா உருளைக்கிழங்கே இப்படித்தான் சப்புன்னு இருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டாங்களாம். எலேனா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

ரத்தத்துல பொட்டாசியம் இறங்குச்சு. ஒரு திங்கக்கிழமை, அடுத்த திங்கக்கிழமை, அதுக்கடுத்தது. கூட்டத்துல ராமோன் பேரை டாக்டர் சொல்ல, வரிசையில ஏத்திட்டாங்க. எங்க பிரிவுல என்னை எழுப்பி நிறுத்திப் பேசச் சொன்னாங்க, கை தட்டினாங்க. சமையல்காரர் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். எனக்குத் தலைகால் புரியல. ராமோன் கொஞ்சம் இளைச்சார், பேச்சும் குறைஞ்சுது. "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா, "நல்ல பிள்ளையா ஆயிட்டேன், செனோரா"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்குவார். நாங்க எல்லாரும் அவர் ரத்தத்தைத்தான் பார்த்துட்டு இருந்தோம்.

பனி கரையற சமயத்துல லூயிஸ்னு ஒருத்தர் டோர்வல்ல வந்து இறங்கினார். ராமோனோட அம்மா இருந்த தெருவுலயே வளர்ந்தவர், அவரும் சமீபத்துல ஜெயில்லேருந்து வந்தவர். கையில ஒரு துணிப்பை. அது நிறைய காய வெச்ச பீச் பழம். அவங்க ஊர்ல அதைச் சர்க்கரைத் தண்ணியில வேக வெச்சு, வேக வெச்ச கோதுமை போட்டு, அந்தச் சாறோட ஆற வெச்சுச் சாப்பிடுவாங்க. பழத்தைக் காய வெச்சது ராமோனோட அம்மா. "அவன் இதைச் சாப்பிடறதை உன் கண்ணால பார்த்துட்டு எனக்கு எழுது"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மகனுக்கு உடம்பு சரியில்லைங்கறது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் எழுதவே இல்ல. லூயிஸுக்கும் தெரியாது. புதுசா வந்தவங்ககிட்ட ராமோன் சொல்ற வழக்கமே இல்லைன்னுதான் முன்னாடியே சொன்னேனே.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், அடுத்து வந்த திங்கக்கிழமை ராமோன் நடந்து வரல. ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்தாங்க. கை கால் துவண்டு கிடந்துச்சு, நாடி தாறுமாறா ஓடுச்சு. டாக்டரும் நர்ஸுங்களும் ஊசி மேல ஊசி போட்டு மல்லுக்கட்டினாங்க. மெஷின்ல இணைக்கறதுக்குள்ள இதயம் நின்னு போச்சு.

டாக்டர் வெளில வந்தார். முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. "என்ன சாப்பிட்டான்?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டார். எலேனா பிரெஞ்சுல பழத்தைப் பத்திச் சொன்னா. "காய்ஞ்ச பழம் ஆகாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும், டாக்டர்"னேன். நான் சொல்லிக் கொடுத்தப்ப, "அப்ப எங்க அம்மாவைக் கொலைகாரிங்கறீங்களா?"ன்னு கேட்டுச் சிரிச்சவர் அவர். எப்படித் தெரியாம போகும்? டாக்டர் உள்ள போயிட்டார்.

கொஞ்சம் தள்ளி லூயிஸ் நின்னுட்டு இருந்தார். தொப்பியைக் கையில வெச்சுக் கசக்கிட்டு. பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. ஆனா மனுஷன் முட்டாளில்ல, எங்க மூணு பேர் முகத்தையும் பார்த்துட்டார். கிட்ட வந்து எலேனாகிட்ட ஏதோ கேட்டார். அவ எங்கிட்ட திரும்பி, வறண்ட குரல்ல சொன்னா: "நான் கொண்டு வந்ததுனாலயான்னு கேக்கறார். உங்களைத்தான் கேக்கச் சொல்றார். நீங்கதான் சாப்பாட்டு டாக்டர்னு இப்பத்தான் நான் அவருக்குச் சொன்னேன்."

இங்க நிறுத்தி உங்களைக் கேக்கறேன். என்ன சொல்வீங்க? நோயாளிகிட்ட பொய் சொல்லாதேன்னு படிச்சிருக்கோம். சரி, இவர் நோயாளி இல்ல. உண்மையைச் சொன்னா, சிறையிலேருந்து நேத்து வந்த மனுஷன், மிச்ச ஆயுசை இதைச் சுமந்துக்கிட்டு நடக்கணும். பொய் சொன்னா, புருஷனைப் பறிகொடுத்து நிக்கற இவ அந்தப் பொய்யைத் தன் வாயால அவருக்கு எடுத்துச் சொல்லணும். யோசிக்க எனக்கு யாரும் அவகாசம் கொடுக்கல.

"ரெண்டு சிறுநீரகமும் போன மனுஷன்னு சொல்லுங்க"ன்னேன். "இதயம் எப்ப வேணா நிக்கற நிலைமையில இருந்துச்சு. நின்னு போச்சு. அவ்வளவுதான் சொல்லுங்க." இதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல. முழு உண்மையும் இல்ல. எலேனா என் கண்ணைப் பார்த்தா. அப்புறம் அவருக்குச் சொன்னா. அவர் தலையை ஆட்டிட்டு அப்படியே சுவர்ல சாய்ஞ்சுட்டார்.

பிறகு எலேனா என் பக்கத்துல வந்து நின்னு, அவருக்குப் புரியாத பிரெஞ்சுல, தணிஞ்ச குரல்ல பேசினா.

"முதல் கிண்ணம் லூயிஸுக்காக, செனோரா. அவர் எதிர்ல உக்காந்து பார்த்துட்டு இருந்தார். ராமோனால வேண்டாம்னு சொல்ல முடியல. சரி. அப்புறம் லூயிஸ் தூங்கப் போயிட்டார். மத்தவங்களும் எழுந்து போயிட்டாங்க. யாரும் பார்க்கல. ராமோன் கிண்ணத்தை எங்கிட்ட நீட்டி இன்னும் கொஞ்சம் போடுன்னார். வேண்டாம்னு சொன்னேன். 'எலேனா, ஒரே ஒரு தடவை'ன்னார். நான் போட்டேன்."

வழக்கம், மரியாதை, முதல் வாய், மேசை, எல்லாத்தையும் நான் கண்டுபிடிச்சேன், அதுக்குக் கை தட்டு வாங்கினேன். அந்த மனுஷன் மத்தவங்களுக்காகத்தான் சாப்பிடறார்னு நான், டாக்டர், கூட்டத்துல இருந்தவங்க எல்லாரும் நம்பினோம். ரெண்டு தரம் வடிச்ச கிழங்கை மாசக்கணக்கா முழுங்கிட்டு இருந்தவருக்கு, அம்மா கையால காய வெச்ச பழத்து மேல ஆசை வந்துச்சு. இதுல சிலி எங்க, மெட்ராஸ் எங்க? எலேனா கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்துச்சு. "நீங்க போட்டது தப்பில்ல"ன்னு சொல்ல வாய் வரல, "தப்பு"ன்னு சொல்லவும் நான் யாரு?

லூயிஸ் திரும்பவும் எங்ககிட்ட வந்தார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு நீளமா ஏதோ சொன்னார். எலேனா மொழிபெயர்த்தா: "ராமோனோட அம்மாவுக்கு அவர்தான் எழுதணுமாம். சாவைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா பழத்தைப் பத்தி என்ன எழுதறதுன்னு கேக்கறார். அவங்க பதிலுக்குக் காத்துட்டு இருப்பாங்களாம்."

சொல்லிட்டு அவளும் என் வாயையே பார்த்துட்டு நின்னா.

"சாப்பிட்டார்னு எழுதச் சொல்லுங்க"ன்னேன். "கண்ணால பார்த்தேன்னு எழுதட்டும். ஒரு கிண்ணம் போதாம, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்னும் எழுதட்டும்."

எலேனா லூயிஸ் பக்கம் திரும்பி, அதை அப்படியே ஸ்பானிஷ்ல சொன்னா.